இன்று என்ன சுழல்கிறது? சேலம், ஏற்காடு பக்கம் புதிதாக இசைத்தட்டு கேட்க வருபவர்களுக்கு

ரெக்கார்டு கேட்கிறவர்கள் நாலு பேர் சேர்ந்தால் முதல் கேள்வி, "இப்ப என்ன ஓடுது?" புதிதாக வந்தவர் "மைல்ஸ் டேவிஸ்" என்று ஒரு ஜாஸ் டிரம்பெட்காரர் பெயரைச் சொல்வார், அல்லது "எம்.எஸ். கச்சேரி" என்பார். உடனே அடுத்தது வந்து விழும்: "எந்தத் தட்டு? எந்த ஊசி?" கெடுபிடி மாதிரித் தெரியும், ஆனால் காரணம் இருக்கிறது. ஒரே கச்சேரி ஒரு தட்டில் பக்கத்தில் உட்கார்ந்து பாடுவது போலக் கேட்கும். இன்னொரு தட்டில் கடுகு தாளிக்கும் சத்தத்துக்குப் பின்னால் யாரோ பாடுவது போலக் கேட்கும். "அவர் குரலே கரகரப்பு", "ஜாஸ் என்றால் இரைச்சல்" என்று தீர்ப்பு எழுதியவர்களில் பலர் கேட்டது தேய்ந்த ஊசியின் சத்தத்தைத்தான். கேட்டதைப் பற்றிப் பேசும் முன் எதில் கேட்கிறோம் என்பதைச் சரிசெய்துகொள்ள வேண்டும். பெட்டியில், அதாவது தட்டைச் சுழற்றும் ரெக்கார்டு பிளேயரில் (டர்ன்டேபிள்), தொடங்குவோம்.

பெட்டி

பரணில் தாத்தாவின் எச்.எம்.வி. ஃபியஸ்டா இருந்தால் துடைத்து ஹாலில் வையுங்கள், அழகான சாமான். நல்ல எல்.பி.யை (33⅓ சுற்றில் ஓடும் பெரிய வினைல் தட்டு) மட்டும் அதில் போடாதீர்கள். அந்தக் காலத்து செராமிக் கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கும் சின்ன முனை) தட்டின் மேல் 5 கிராமும் அதற்கு மேலும் அழுத்தும். இன்றைய காந்தக் கார்ட்ரிட்ஜுக்கு 2 கிராம் அளவு போதும். இப்போது ஆன்லைனில் சூட்கேஸ் வடிவில் விற்கும் மலிவுப் பெட்டிகளிலும் பெரும்பாலும் செராமிக் கார்ட்ரிட்ஜ்தான், அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்க வழியும் கிடையாது. பார்க்க ஆசையாக இருக்கும். ஆசையோடு நிறுத்திக்கொள்ளலாம்.

வாங்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். கையின் (டோன் ஆர்ம்) பின்முனையில் திருகக்கூடிய எடை இருக்க வேண்டும். ஊசியை மட்டும் தனியே கழற்றி மாற்ற முடிய வேண்டும். அரக்குத் தட்டு (நிமிஷத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய தட்டு) கேட்கும் எண்ணம் இருந்தால் 78 வேகமும் வேண்டும். ஆடியோ டெக்னிகா ஏடி-எல்பி120எக்ஸ் மாதிரியான டர்ன்டேபிளில் 33, 45, 78 மூன்றும் உண்டு. வேகம் இருந்தால் மட்டும் போதாது, 78-க்கு ஊசியே வேறு. ஸ்டீரியோ எல்.பி. ஊசியின் முனை சுமார் 0.7 மில் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). 78-க்கு சுமார் 3 மில். எல்.பி. ஊசியை 78-இல் வைத்தால் அது பள்ளத்தின் அடிக்குப் போய் அங்கே தங்கியிருக்கும் அழுக்கைத்தான் படிக்கும். 78 ஊசியை எல்.பி.யில் வைத்தால் எல்.பி. அன்றோடு முடிந்தது.

வெளிநாட்டுச் சொந்தக்காரர் கொடுத்த 110 வோல்ட் பெட்டியில் ஒரு பொறி இருக்கிறது. டிரான்ஸ்ஃபார்மர் வைத்து வோல்டேஜை இறக்கிவிடலாம். ஆனால் அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், நம்முடையது 50. டிரான்ஸ்ஃபார்மர் அதை மாற்றாது. மின்சாரத்தின் துடிப்பைப் பார்த்து ஓடும் ஏ.சி. மோட்டார் என்றால் ஆறில் ஒரு பங்கு வேகம் குறையும். 33⅓ சுற்று ஓட வேண்டியது 28-க்குக் கீழே ஓடும். 5 கட்டையில் பாடியவர் கிட்டத்தட்ட 3 கட்டைக்கு இறங்கிவிடுவார். பாடகருக்கு உடம்பு சரியில்லை போல என்று நினைக்க வேண்டாம். அந்தப் பெட்டியில் 50 ஹெர்ட்ஸுக்கான மோட்டார் புல்லி மாற்ற வழி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

உட்கார வைப்பது

ஸ்பீக்கர் நிற்கும் மேஜையிலேயே டர்ன்டேபிளை வைக்கக் கூடாது. ஸ்பீக்கரின் அதிர்வு மேஜை வழியாக ஊசிக்குப் போய், அங்கிருந்து மறுபடி ஸ்பீக்கருக்கே வந்து, சத்தம் கூட்டும்போது "ஹூம்" என்று ஊளையிடத் தொடங்கும். நம் ஊரில் சுலபமான வழி கடப்பைக்கல். ஆள் நடந்தால் அதிராத கனமான சுவரில் ஒரு கல்லைத் தட்டாக அடித்துவிடுங்கள். மேலே ரப்பர் பாயைப் போட்டு டர்ன்டேபிளை வையுங்கள். கொத்தனாரின் ரசமட்டத்தை வாங்கி பிளாட்டர் (தட்டு உட்காரும் சுழல் வட்டு) மேல் நீளவாக்கிலும் குறுக்கிலும் வைத்துப் பாருங்கள். மட்டம் தப்பினால் கை ஒரு பக்கம் சரியப் பார்க்கும். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் சத்தம் சிதறும்.

அடுத்தது ஊசி எடை. புதியவர்கள் பயப்படும் வேலை இது, ஆனால் பத்து நிமிஷம்கூட ஆகாது. ஆன்டி-ஸ்கேட்டிங் திருகை (கை நடுப்பக்கம் இழுபடாமல் தடுப்பது) 0-வில் வையுங்கள். ஊசியின் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றிவிட்டு, கையைத் தாங்கியிலிருந்து விடுவித்து, விரலால் காத்தபடி பின் எடையைத் திருகுங்கள். கை தராசுக்கோல் போல ஏறாமல் இறங்காமல் மிதக்கும் இடம் ஒன்று வரும். அங்கே நிறுத்துங்கள். எடையை அசைக்காமல், அதன் முகப்பில் எண் போட்ட வளையத்தை மட்டும் 0-வுக்குத் திருப்புங்கள். இப்போது எடையையும் வளையத்தையும் சேர்த்தே, கார்ட்ரிட்ஜ் கேட்கும் எண்ணுக்குக் கொண்டுபோங்கள். ஏடி-விஎம்95இ கார்ட்ரிட்ஜ் என்றால் 2 கிராம். ஆன்டி-ஸ்கேட்டிங்கையும் அதே எண்ணில் வையுங்கள். முடிந்தால் சின்ன டிஜிட்டல் ஊசித் தராசு ஒன்று வாங்கிச் சரிபாருங்கள். வளையத்து எண்கள் கொஞ்சம் பொய் சொல்லும்.

"எடை குறைந்தால் தட்டு தேயாது" என்று 1 கிராமில் வைப்பவர்கள் இருக்கிறார்கள். நேர்மாறாக நடக்கும். அழுத்தம் போதாத ஊசி பள்ளத்தில் நிற்காமல் இரண்டு சுவரிலும் மாறி மாறி மோதும். நாதஸ்வரத்தின் உச்சத்திலும் டிரம்பெட்டின் பலத்த ஊதலிலும் "ஸ்ஷ்" என்று உடையும். அந்த மோதல்தான் தட்டைத் தின்கிறது.

சத்தம் வந்த பிறகு மூன்று நோய் வரலாம். எல்லாம் மெலிந்து, தூரத்துக் கொசு போலக் கேட்டால் போனோ ப்ரீ-ஆம்ப் (கார்ட்ரிட்ஜின் மெல்லிய சத்தத்தைக் கூட்டிச் சீராக்கும் கருவி) வழியில் இல்லை. காது கிழியும்படி சிதறி, பாஸ் வீங்கிக் கேட்டால் இரண்டு ப்ரீ-ஆம்ப் சேர்ந்துவிட்டது: டர்ன்டேபிள் பின்னால் "லைன்" என்றும் ஆம்பிளிஃபையரில் "போனோ" என்றும் இருக்கும், இரண்டில் ஒன்றை மாற்றுங்கள். தொடர்ந்து "ம்ம்ம்" என்று முனகினால் எர்த் கம்பி சரியாகத் திருகப்படவில்லை.

நூறு சுற்று, மூன்று நிமிஷம்

வேகத்தைச் சோதிக்கக் கருவி வேண்டாம். தட்டின் ஓரத்தில் சின்னத் துண்டுக் காகிதம் ஒட்டி, அது ஒரு புள்ளியைக் கடப்பதை எண்ணுங்கள். 3 நிமிஷத்தில் சரியாக 100 சுற்று வர வேண்டும். 101 வந்தால் ஒரு சதவீதம் வேகம், 99 வந்தால் ஒரு சதவீதம் மந்தம். ஊசியை இறக்கி, ஒரு தட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே எண்ணுங்கள். சும்மா சுற்றும்போது சரியாக இருந்து, ஊசி இறங்கியதும் மந்தமாகும் பெட்டிக்குப் பெல்ட் தளர்ந்திருக்கிறது. ஸ்ட்ரோப் தட்டு (வேகம் சரியென்றால் அதன் கோடுகள் அசையாமல் நிற்பது போலத் தெரியும்) வைத்துப் பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பல எல்.இ.டி. பல்புகள் மின்சாரத்தோடு சேர்ந்து துடிக்காது, அவற்றின் கீழே கோடுகள் நிற்கவே நிற்காது. பழைய குண்டு பல்பு வெளிச்சத்தில் பாருங்கள்.

எல்லாத் தப்பும் நம் பெட்டியுடையதும் இல்லை. மைல்ஸ் டேவிஸின் "கைண்ட் ஆஃப் ப்ளூ" 1959 மார்ச் 2, ஏப்ரல் 22 என்று இரண்டு நாளில் பதிவானது. மார்ச் மாதப் பதிவில் ஒரு டேப் மெஷின் மந்தமாக ஓடியதால், அதிலிருந்து எடுத்த முதல் பக்கத்தின் மூன்று துண்டுகளும் தட்டில் கொஞ்சம் சுருதி ஏறியே வெளியாயின. 1992-இல் வந்த மறுபதிப்பில்தான் திருத்தினார்கள். பழைய பதிப்போடு தம்புரா ஆப்பைச் சேர்த்துப் போட்டுவிட்டு டர்ன்டேபிளைத் திட்டுவதில் நியாயமில்லை.

தட்டு தேடுவது

செவ்வாய்ப்பேட்டைப் பக்கத்துப் பழைய பேப்பர்க் கடைகள், காயலாங்கடைகள், வீடு காலி செய்கிறவர்கள், மைக் செட் வைத்திருந்த குடும்பங்கள்: சேலத்தில் தேட வேண்டியது இந்த இடங்களில். 1935-இல் டி.ஆர். சுந்தரம் மாடர்ன் தியேட்டர்ஸ் தொடங்கிய ஊர் இது, ஆகவே குவியலில் சினிமாப் பாட்டு கூடுதலாக இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். கர்நாடக இசை எல்.பி. அவற்றுக்கு நடுவே செருகியிருக்கும். மேற்கத்திய சங்கீதமும் ஜாஸும் வேண்டுமென்றால் மலை ஏறுங்கள். ஏற்காட்டில் எஸ்டேட் பங்களாக்களைப் பிரித்து விற்கும்போது கிடைக்க வாய்ப்பு அதிகம். ஆனால் மலைத் தட்டில் பூஞ்சை இருக்கும், சேலத்துத் தட்டில் வளைவு இருக்கும். எதை எதிர்பார்த்துப் போகிறோம் என்று தெரிந்துகொண்டு போக வேண்டும்.

கையில் ஒரு செல்போன் டார்ச், ஒரு மைக்ரோஃபைபர் துணி. தட்டை ஓரத்திலும் நடு லேபிளிலும் மட்டும் தொட்டுத் தூக்குங்கள். டார்ச்சை மேலிருந்து அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்து அடித்தால் கீறல் எழுந்து தெரியும். கீறலின் குறுக்கே நகத்தை மெல்ல ஓட்டுங்கள். நகம் தடுக்கினால் அது சுற்றுக்கொரு தடவை "டக்" என்று அடிக்கும், தடுக்காவிட்டால் பெரும்பாலும் கேட்காது. பிறகு நடுத் துளையைப் பாருங்கள். லேபிளின் மேல் துளையைச் சுற்றி மயிரிழைக் கோடுகள் கோலம் போட்டது போலிருந்தால், பிளாட்டரின் கம்பியைத் தேடித் தேடி வைத்த தட்டு, நிறைய ஓடியிருக்கிறது. தட்டைக் கண் மட்டத்தில் பிடித்து விளிம்பைப் பாருங்கள். அலை தெரிந்தால் வளைவு.

மைக் செட் தட்டுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மேலே கீறலே இருக்காது, கண்ணாடி போல இருக்கும், விற்பவரும் "புதுசு சார்" என்பார். பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்த்தால் பலத்த இடங்கள் சாம்பல் பூத்திருக்கும். கனத்த கையும் வருஷக்கணக்கில் மாற்றாத ஊசியும் பள்ளத்தின் சுவரைச் சுரண்டிய தடம் அது. கழுவினால் தூசிச் சத்தம் குறையும், இந்தத் தேய்மானம் குறையாது. குரல் ஓங்கும்போதெல்லாம் கிழியும்.

உறையையும் லேபிளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். உறை ஒன்று, உள்ளே தட்டு வேறு என்பது சர்வசாதாரணம். எச்.எம்.வி.யின் இந்தியத் தட்டுகளில் எண்ணுக்கு முன்னால் இ.சி.எல்.பி., இ.ஏ.எல்.பி. என்றிருந்தால் மோனோ, இ.சி.எஸ்.டி., இ.ஏ.எஸ்.டி. என்றிருந்தால் ஸ்டீரியோ. மோனோ தட்டைத் தள்ளிவிட வேண்டாம். ஆம்பிளிஃபையரில் மோனோ பொத்தான் இருந்தால் அழுத்துங்கள்: மோனோவில் இசை பக்கவாட்டு அசைவில் மட்டுமே இருப்பதால், மேலும் கீழுமாக வரும் தூசிச் சத்தம் அடிபட்டுப்போய் பின்னணி சட்டென்று அமைதியாகும். கடைசிப் பள்ளத்துக்கும் லேபிளுக்கும் நடுவே உள்ள வெற்று வளையத்தில் பொறித்த எழுத்துகளையும் குறித்துக்கொள்ளுங்கள். எந்த அச்சு என்பதை உறை சொல்லாவிட்டாலும் அது சொல்லும். ப்ளூ நோட் என்ற கம்பெனியின் பழைய ஜாஸ் தட்டில் அந்த இடத்தில் "ஆர்.வி.ஜி." என்றோ "வேன் கெல்டர்" என்றோ இருந்தால் ரூடி வேன் கெல்டர் என்ற ஒலிப்பதிவாளர் கையால் வெட்டிய மாஸ்டர் (தட்டுகளை அச்சடிக்க உதவும் மூலத் தட்டு). அதற்காகவே கூடுதல் விலை கொடுப்பவர்கள் உண்டு.

ஆன்லைனில் வாங்கினால் தர வரிசைச் சொற்களில் ஏமாறக் கூடாது. நியர் மின்ட், வெரி குட் பிளஸ், வெரி குட், குட் என்று இறங்கும். "குட்" என்றால் நல்லது என்று அர்த்தமில்லை. ஓடும், ஆனால் பாட்டோடு சேர்ந்து தட்டும் பேசும். முதல் சில தட்டுகளை வெரி குட் பிளஸுக்குக் கீழே வாங்காமலிருந்தால் மனசு விட்டுப்போகாது.

கழுவுவது

வாங்கி வந்த தட்டை அப்படியே ஓட்டக் கூடாது. அதில் இருக்கும் மணல் துகளை ஊசி பள்ளத்தில் வைத்து அரைத்துவிடும்.

வினைல் தட்டுக்குக் கலவை: டிஸ்டில்டு வாட்டர் 800 மி.லி., 99 சதவீத ஐசோப்ரொபைல் ஆல்கஹால் 200 மி.லி., மணமில்லாத பாத்திர சோப்புத் திரவம் 2 சொட்டு. சோப்பு இதற்கு மேல் போனால் வெள்ளைப் படலம் தங்கும். போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். காய்ந்ததும் உப்பு பள்ளத்திலேயே நின்றுவிடும், பக்கெட் ஓரத்தில் படியும் வெள்ளையைப் பார்த்தாலே தெரியும். லேபிளின் மேல் ஒரு பிளாஸ்டிக் மூடியைக் கவிழ்த்து, கலவையை லேசாகத் தெளித்து, மென்மையான பிரஷ்ஷால் பள்ளம் போகும் வட்டத்திலேயே தேயுங்கள். குறுக்கே தேய்க்கக் கூடாது. ஒரு நிமிஷம் ஊறவிட்டு, மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி, வெறும் டிஸ்டில்டு வாட்டரில் இன்னொரு தடவை கழுவுங்கள். இந்த இரண்டாவது கழுவலைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். "கழுவின பிறகு சத்தம் கூடிடுச்சு" என்ற புகாருக்குக் காரணம் பெரும்பாலும் அதுதான், கரைந்த அழுக்கு போகாமல் அங்கேயே காய்ந்திருக்கும். சமையலறை எவர்சில்வர் தட்டு ஸ்டாண்டில், கம்பிக்குத் துணி சுற்றி, நிறுத்தி வைத்து உலர்த்துங்கள். சேலத்தில் அரை மணி நேரம் போதும். ஏற்காட்டில் மூடுபனி நாளென்றால் ஒன்றரை மணி நேரம். காற்றாடியைப் போட்டு உலர்த்தினால் அறைத் தூசி எல்லாம் ஈரத் தட்டில் வந்து உட்காரும்.

அரக்கால் செய்த 78 தட்டில் ஆல்கஹால் ஒரு சொட்டுக்கூடப் படக் கூடாது. அரக்கு ஆல்கஹாலில் கரையும். தட்டின் மேற்பரப்பு மங்கி, பாட்டும் போய்விடும். அதற்கு டிஸ்டில்டு வாட்டரும் ஒரு சொட்டு சோப்பும் மட்டும், அதுவும் சட்டென்று துடைத்து எடுத்துவிட வேண்டும். தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய், கண்ணாடி துடைக்கும் திரவம் என்று ஆளாளுக்கு ஒரு கைவைத்தியம் சொல்வார்கள். எதையும் செய்யாதீர்கள்.

ஊசியையும் மறக்க வேண்டாம். சின்ன பிரஷ்ஷால் பின்னாலிருந்து முன்னால் மட்டும், தட்டு போகும் திசையிலேயே இழுங்கள். முன்னிருந்து பின்னால் தள்ளினால் ஊசித்தண்டு முறியும். முனை நீள்வட்டமாக உள்ள ஊசிக்கு ஆயுள் சுமார் 300 மணி நேரம். தினம் ஒரு 40 நிமிஷ எல்.பி. என்றால் ஒன்றேகால் வருஷம். சுவரில் மாட்டிய காலண்டரில் மாற்றிய தேதியை எழுதி வையுங்கள்.

கீழே வெயில், மேலே ஈரம்

சேலத்துக்குத் தனிச் சட்டம்: மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் பரண், மேற்கு வெயில் அறையும் சுவர், நிறுத்திய கார், இந்த மூன்றிலும் தட்டு இருக்கக் கூடாது. 60 டிகிரி வாக்கில் வினைல் தளரத் தொடங்கும். சித்திரை வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காரின் டேஷ்போர்டுக்கு அது பெரிய விஷயமே இல்லை. "கடைவீதியில இறங்கி ஒரு தட்டுவடை செட் சாப்ட்டு வந்துடறேன்" என்று போய் வருவதற்குள் விளிம்பு அலை அடித்துவிடும். வளைந்ததை அடுப்பிலோ இஸ்திரிப் பெட்டியிலோ நிமிர்த்தப் பார்க்காதீர்கள். பள்ளம் உருகிவிடும்.

அடுக்கும்போது ஒன்றன் மேல் ஒன்றாகப் படுக்க வைக்காமல், நூலகப் புத்தகம் போல நேராக நிறுத்துங்கள். சாயக் கூடாது, இறுக்கவும் கூடாது. இரண்டு விரலால் ஒரு தட்டை உருவ முடிய வேண்டும். ஐம்பது எல்.பி. பத்துக் கிலோவைத் தாண்டும், ஆகவே பிளைவுட் பலகையின் நடுவில் ஒரு முட்டு தேவை.

ஏற்காடு 1,500 மீட்டர் உயரம். அங்கே சூட்டுப் பயம் இல்லை. மழைக்காலத்தில் காப்பிக்கொட்டை காயாத ஈரத்தில் உறை நமுத்து, தட்டில் வெள்ளைப் புள்ளி பூக்கும். அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். உள்ளே ஒரு சின்ன ஈரப்பதமானி போடுங்கள். 60 சதவீதத்தைத் தாண்டினால் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை மாற்ற வேண்டிய நேரம். கனத்த பி.வி.சி. கவர் போட்டு வைத்தால் பாதுகாப்பு என்று நினைப்பது தவறு. ஈரத்தை உள்ளேயே அடைத்து வைக்கும், நாளாவட்டத்தில் தட்டின் மேல் பனி படர்ந்தது போல மங்கலும் விழும். பாலிப்ரொபிலீன் கவர் வாங்குங்கள். அந்துருண்டையும் வேண்டாம், அதன் ஆவி பிளாஸ்டிக்குக்கு ஆகாது.

மலையிலிருந்து இறங்கும்போது இன்னொரு கவனம். 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி அடிவாரம் வந்ததும் பையைத் திறந்து, குளிர்ந்த தட்டை வெதுவெதுப்பான காற்றில் எடுத்தால் வியர்த்துவிடும். மூடிய பையை ஒரு மணி நேரம் அப்படியே வைத்துவிட்டுத் திறங்கள்.

கூடிக் கேட்பது

ஆறு பேர் சரியான எண்ணிக்கை. ஆளுக்கு ஒரு பக்கம், பக்கத்துக்கு 20 நிமிஷம் சுமார், நடுவில் பேச்சு எல்லாம் சேர்த்து மூன்று மணி நேரத்தில் முடியும். ஆளுக்கு இரண்டு பக்கம் என்று ஆரம்பித்தால் நாலாவது ஆள் தட்டு ஓடும்போது எல்லாரும் செல்போனைப் பார்ப்பார்கள். 78 தட்டுகள் இருந்தால் எல்லாவற்றையும் முதலிலேயே முடித்துவிட்டு ஊசியை மாற்றுங்கள். 10 அங்குல 78 ஒரு பக்கம் சுமார் 3 நிமிஷம்தான். வீணை தனம்மாள் காலத்து வித்வான்கள் ஒரு ராகத்தை அதற்குள் எப்படி மடித்து வைத்தார்கள் என்பதைக் கேட்ட கையோடு எல்.பி.க்குப் போனால், இருபது நிமிஷம் எவ்வளவு பெரிய மைதானம் என்று புரியும்.

மின்விசிறியை நிறுத்துங்கள், அதன் சத்தம் தம்புராவைத் தின்றுவிடும். கரண்ட் போனால் முதல் வேலை கையைத் தூக்குவது. ஊசி தட்டின் மேலேயே நின்றுகொண்டிருக்க, திரும்பி வரும் கரண்ட் ஒரு குலுக்குக் குலுக்கும். இன்வெர்ட்டரில் ஓட்டுவதானால் ப்யூர் சைன் வேவ் இன்வெர்ட்டர் வேண்டும். ஸ்கொயர் வேவ் என்றால் ஆம்பிளிஃபையர் உறுமும். சிற்றுண்டி கடைசியில். தட்டுவடை செட்டின் எண்ணெயும் சட்னியும் பட்ட விரல் இன்னொரு தட்டைத் தொடக் கூடாது.

பக்கம் ஓடும்போது பேச்சு இல்லை, முடிந்ததும் பேசலாம். பேசும்போதும், பிறகு நண்பர்களுக்கு எழுதி அனுப்பும்போதும், "அருமை", "தெய்வீகம்" என்பதால் யாருக்கும் எதுவும் தெரியாது. இப்படி எழுதிப் பாருங்கள்:

"எச்.எம்.வி., ஸ்டீரியோ எல்.பி., 'கால் ஆஃப் தி வேலி'. சிவகுமார் சர்மா சந்தூர், பிரிஜ் பூஷண் காப்ரா கிதார், ஹரிபிரசாத் சௌரசியா புல்லாங்குழல். முதல் பக்கம். தட்டு வெரி குட் பிளஸ், இரண்டு தடவை கழுவியது. நீள்வட்ட ஊசி, 2 கிராம், 120 மணி நேரம் ஓடியது. ஆஹிர் பைரவ் நம் சக்கரவாகத்தின் ஸ்வரங்கள்தான், ஆனால் சந்தூர் ஸ்வரத்தை இழுக்காமல் தூவுவதால் முதலில் அடையாளம் தெரியவில்லை. கடைசி ஐந்து நிமிஷம் லேசான சிதறல்."

இதைப் படிப்பவர் தன் தட்டைப் போட்டு ஒப்பிடலாம். அந்தக் கடைசி வரிக்கும் மதிப்பு உண்டு. எல்.பி.யின் வெளி ஓரத்தில் பள்ளம் ஊசியின் அடியில் விநாடிக்கு சுமார் 50 சென்டிமீட்டர் ஓடும், உள் ஓரத்தில் 21 சென்டிமீட்டர்தான். அதே இசையைப் பாதிக்கும் குறைவான இடத்தில் நெருக்கி எழுதியிருப்பதால், ஊசி கோணல் இருந்தால் முதலில் சிதறுவது உள் வட்டம். நம் கச்சேரித் தட்டுகளில் தனி ஆவர்த்தனம் பல சமயம் பக்கத்தின் கடைசியில்தான் வரும். மிருதங்கம் மழுங்கிக் கேட்டால் வித்வானைச் சந்தேகிக்கும் முன் கார்ட்ரிட்ஜ் கோணத்தை அளவுத்தாள் வைத்துப் பாருங்கள். எல்லாத் தட்டிலும் உள் வட்டம் சிதறினால் கோணம் அல்லது ஊசி. ஒரே தட்டில் மட்டும் என்றால் தட்டு.

ஜாஸுக்குள் நுழைய

கர்நாடக இசைக் காது உள்ளவருக்கு ஜாஸ் அந்நியம் இல்லை, எண்ணத் தெரிந்தால் போதும். "கைண்ட் ஆஃப் ப்ளூ"வின் முதல் துண்டு "ஸோ வாட்". டபுள் பாஸ் ஒரு கேள்வி கேட்கும், மற்ற வாத்தியங்கள் இரண்டே அடியில் பதில் சொல்லும். அதில் புழங்கும் டோரியன் என்ற ஸ்வர வரிசை நம் 22-ஆவது மேளமான கரகரப்பிரியாவின் ஸ்வரங்கள்தான். நாலு நாலு அடியாக 32 ஆவர்த்தம் ஒரு சுற்று: முதல் 16 கரகரப்பிரியா, அடுத்த 8 ஆவர்த்தம் ஆதார ஸட்ஜமே அரை ஸ்வரம் மேலே நகர்ந்து அதே வரிசை, கடைசி 8 பழைய இடத்துக்குத் திரும்பும். அந்த அரை ஸ்வர நகர்வைப் பிடித்துவிட்டால், டேவிஸ் டிரம்பெட், கோல்ட்ரேன், ஆடர்லி சாக்ஸஃபோன், பில் எவன்ஸ் பியானோ என்று ஒருவர் பின் ஒருவராக வரும்போது யார் எந்த இடத்தில் நிற்கிறார் என்பது விளங்கும். விரல் விட்டு எண்ணுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

இரண்டாவதாக, டேவ் புரூபெக் குழுவின் 1959-ஆம் ஆண்டு "டைம் அவுட்" எல்.பி.யில் பால் டெஸ்மண்ட் அமைத்த "டேக் ஃபைவ்". ஐந்து அடி. கண்ட சாபு என்று தாளம் போட ஆரம்பித்தால் இடறும்: கண்ட சாபு "தக தகிட", இரண்டும் மூன்றும். இது "தகிட தக", மூன்றும் இரண்டும். மூன்றாவதாக ஜான் மக்லாஃப்லினும் எல். சங்கரும் ஜாகிர் ஹுசேனும் விக்கு விநாயக்ராமும் சேர்ந்த சக்தி குழுவின் 1976 எல்.பி. இது நேரடி நிகழ்ச்சிப் பதிவு, வேகம் அதிகம். ஊசி எடை சரியாக இருக்கிறதா என்று சோதிக்கவும் உதவும்.

கேட்டதை அப்படியே பதிவு செய்து அனுப்பலாமா என்று எல்லாரும் கேட்பார்கள். இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டு. பாட்டை எழுதியவர், இசையமைத்தவரின் உரிமை தனிக் கணக்கு, அது இன்னும் நீளும். ஆகவே முழுப் பக்கத்தைச் சுற்றுக்கு விடாதீர்கள். குறிப்பும், லேபிளின் படமும், வெற்று வளையத்தில் பொறித்த எண்ணும் அனுப்புங்கள்.

தட்டை இரவல் கொடுப்பதானால் ஒரு நோட்டுப் போடுங்கள்: தேதி, எண், தட்டின் நிலை, வாங்குகிறவர் எந்தப் பெட்டியில் ஓட்டப் போகிறார். கடைசிக் கேள்விக்கு "சூட்கேஸ் பெட்டி" என்று பதில் வந்தால், தட்டைக் கொடுக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.